நூறு மீட்டர் நீளத்தில் ஒரு கேமரா: ஜப்பானின் எனோவுரா நோக்ககம்

சுவரில் மாட்டிய படங்களைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், ஒளிப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ கடலை நோக்கிய மலைச்சரிவில் உருவாக்கிய கலை வளாகமான எனோவுரா நோக்ககத்தில் கால் மணி நேரம் போதும். அங்கே காட்சிக்கு இருப்பவை அவருடைய கடற்படங்களில் சில மட்டுமே. அனுமதிச் சீட்டோ மூன்று மணி நேரத்துக்கு உரியது. நான் போனபோது அதன் விலை தலைக்கு 3,300 யென். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று ஒதுங்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. மூன்று மணி நேரமும் அங்கேயே இருந்து, இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்ற நினைப்போடு மலையிறங்கியவன் நான். அந்தச் சீட்டுக்கு ஈடாக அங்கே என்ன கிடைக்கிறது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சுகிமோட்டோ 1948-இல் டோக்கியோவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் கலை படித்து, 1974-இல் நியூயார்க்கில் குடியேறியவர். அந்நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து நிறுத்தப்பட்ட விலங்குகளின் முன்னால் நின்றபோது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஆழம் மறைந்து, பொம்மைக் காட்சி உயிருள்ள காட்சியாகிவிடுகிறது என்பதைக் கண்டுகொண்டார். 1976-இல் அவர் எடுத்த பனிக்கரடிப் படம் அதிலிருந்து பிறந்தது. அடுத்து, பழைய திரையரங்குகளுக்குள் பெரிய கேமராவை நிறுத்தி, திரைப்படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடினார். கதை முழுவதும் ஒரே நெகட்டிவின் மேல் விழுந்ததால் திரை வெறும் வெண்ணிற ஒளிச் செவ்வகமாகி, அந்த வெளிச்சத்தில் அரங்கின் சுதை வேலைப்பாடுகளும் ஆளில்லா நாற்காலிகளும் தெரிந்தன. ஆயிரக்கணக்கான காட்சிகளை அடுக்கினால் மிஞ்சுவது வெண்மை என்பதைக் காட்டிய அந்தப் படங்கள் இன்றைக்கும் என்னைக் கலங்கச் செய்பவை.

கடற்படங்களை அவர் 1980-இல் தொடங்கினார். கரீபியன் கடலோ, பால்டிக் கடலோ, லிகூரியக் கடலோ, பாலித் தீவை ஒட்டிய இந்தியப் பெருங்கடலோ, எந்தக் கரையில் நின்றாலும் அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுதான்: எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவ், கருப்பு வெள்ளை, படத்தின் சரிபாதியில் அடிவானம், மேலே காற்று, கீழே நீர். படகும் பறவையும் கரையும் படத்துக்குள் வருவதில்லை. ஆதிமனிதன் கண்ட ஒரு காட்சியை இன்று வாழ்பவர் அப்படியே காண முடியுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டவர், நிலமெல்லாம் உருமாறிவிட்ட பிறகும் கடல் அப்படியே இருக்கிறது என்று முடிவுசெய்து எடுத்த படங்கள் அவை. அச்சிட்ட நூல்களில் அவற்றைப் பார்த்து, எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றனவே என்று பக்கத்தைத் திருப்பிவிட்டவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஓர் அங்குல அளவுக்குச் சுருங்கிய கடலில் பார்க்க எதுவும் இருப்பதில்லை.

டோக்கியோவிலிருந்து டோக்காய்டோ தடத்தில் தெற்கே போகும் சாதாரண ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தால் ஒடாவாராவைத் தாண்டி இரண்டாவது நிறுத்தமாக வருவது நெபுகாவா. ஊழியர் எவரும் இல்லாத சிறிய நிலையம். நடைமேடையில் இறங்கியதும் எதிரே முழுக்க சகாமி விரிகுடா. சிறுவயதில் இதே தடத்தில் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்த கணத்தில் ஜன்னலில் விரிந்த கடலும், கத்தியால் கீறியது போன்ற அடிவானமும்தான் தமது முதல் நினைவு என்று சுகிமோட்டோ பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த மலைச்சரிவை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த நடைமேடைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1923 செப்டம்பர் 1 அன்று கான்டோ நிலநடுக்கத்தில் மேலேயிருந்த மலை சரிந்து, நிலையத்தையும் அப்போது வந்துகொண்டிருந்த ரயிலையும் கடலுக்குள் தள்ளியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாறாத கடல் என்று பேசுகிற ஒரு கலைஞரின் இடத்துக்கு, நிலம் எப்படியெல்லாம் மாறும் என்பதைக் காட்டிய ஒரு நிலையத்தின் வழியாகப் போய்ச் சேர்கிறோம்.

நிலையத்திலிருந்து நோக்ககத்துக்கு இலவசப் பேருந்து உண்டு. சீட்டை முன்பதிவு செய்யும்போதே அதையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். மிகான் எனப்படும் கமலா ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே வளைந்து ஏறும் குறுகிய பாதை அது. நான் போனது நவம்பர் இறுதி. காய்கள் பழுத்து, மலைச்சரிவு முழுவதும் மஞ்சள் புள்ளி வைத்தது போலிருந்தது. நோக்ககம் அமைந்திருக்கும் நிலமும் ஒருகாலத்தில் இத்தகைய தோப்பாக இருந்ததுதான். சுகிமோட்டோ 2009-இல் நிறுவிய ஒடாவாரா கலை அறக்கட்டளை இந்த இடத்தை உருவாக்கி, 2017 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்தது.

வாயிலில் நம்மை வரவேற்பது மெய்கெட்சு வாயில் என்ற மரவாயில். முரோமாச்சி காலத்தில் (14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை) காமாகுராவிலுள்ள மெய்கெட்சு மடத்துக்காகக் கட்டப்பட்டு, 1923 நிலநடுக்கத்தில் பாதி சிதைந்து, பின்னர் டோக்கியோவின் நேசு அருங்காட்சியகத்துக்கு முகப்பாக நின்று, அந்த அருங்காட்சியகத்தைப் புதுப்பித்ததை ஒட்டி இந்த அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. தூண்களின் அடிப்பகுதியில் மரம் மாற்றி ஒட்டுப்போட்ட இடங்களைக் கையால் தடவிப் பார்த்தால், எத்தனை முறை பிரித்து எத்தனை முறை பூட்டியிருப்பார்கள் என்பது விரலுக்கே புலப்படும். உள்ளே வரவேற்பு மண்டபத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வளர்ந்த யாகுத் தீவு செடார் மரத்தின் பலகையால் ஆன மேசை ஒன்று கிடக்கிறது. வழிகாட்டிக் குறிப்பை வாங்கிக்கொள்ள அங்கே இரண்டு நிமிடம் நின்றால் போதுமானாலும், நான் அந்தப் பலகையின் வளையங்களைப் பார்த்தபடி பத்து நிமிடத்தைச் செலவிட்டேன். அவசரப்படுத்துவதற்கு யாரும் வரவில்லை.

அங்கிருந்து நுழைவது நூறு மீட்டர் காட்சிக்கூடம். கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தில், நூறு மீட்டர் நீளத்துக்கு, நேர்கோடாகக் கட்டிய ஒற்றை நடைக்கூடம் அது. ஒருபக்கம் முழுவதும் ஓயா கல்லாலான சுவர்; மறுபக்கம் 37 கண்ணாடிப் பலகைகள், இடையில் ஒரு தூண்கூட இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. ஓயா என்பது டோச்சிகி மாவட்டத்தில் வெட்டியெடுக்கப்படும் எரிமலைச் சாம்பற்கல். இளம்பச்சை கலந்த சாம்பல் நிறம், மேலெல்லாம் விரல் நுழையும் அளவுக்குக் குழிகள். அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டலைக் கட்டியது இந்தக் கல்லால்தான். அதன் திறப்பு நாளன்றுதான் நெபுகாவாவைக் கடலில் தள்ளிய அதே நிலநடுக்கம் வந்தது, ஹோட்டல் தாங்கி நின்றது. அந்தக் கரடுமுரடான சுவரின் மேல், வழவழப்பான சில்வர் ஜெலட்டின் பிரிண்ட்களில் கடல்கள் இடைவெளிவிட்டுத் தொங்குகின்றன.

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் இருந்தேன். ஒரு படத்தின் முன்னால் நின்று பார்த்தால் முதலில் தெரிவது சாம்பல் நிறத்தின் இரண்டு பட்டைகள் மட்டுமே. அரை நிமிடம் கழித்துக் கீழ்ப்பட்டையில் அலைகள் எழத் தொடங்கும். அருகிலிருக்கும் அலைகள் மணிமணியாகவும், போகப்போக நெருங்கி, அடிவானத்தை ஒட்டிய இடத்தில் பட்டுத்துணியின் நெசவு போலவும் ஆகிவிடுகின்றன. கோடு இருக்குமிடம் என்று நாம் நினைப்பது கூர்ந்து பார்த்தால் கோடே இல்லாமல் இரு சாம்பல்கள் தொட்டுக்கொள்ளும் இடமாக இருக்கிறது. பெரிய நெகட்டிவிலிருந்து எடுத்த பெரிய பிரிண்ட்டில்தான் இதெல்லாம் கண்ணுக்குக் கிட்டும். நூலிலும் திரையிலும் கிட்டாது. படத்தை விட்டுக் கழுத்தைத் திருப்பினால், கண்ணாடிக்கு அப்பால் மரங்களும் அவற்றின் மேலாக உண்மைக் கடலும் தெரிகின்றன.

உண்மைக் கடல் படத்துக் கடலைப் போல் காலியாக இருக்கவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அன்று இரண்டு மீன்பிடிப் படகுகள் இருந்தன, தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் நின்றது, இடப்பக்கம் மியுரா தீபகற்பம் நீலநிழலாக நீண்டுகிடந்தது. நூறு மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அந்தத் தூரத்துக்குள் மனிதர்களின் வேலைகள் ஏராளமாக நடக்கின்றன. ஐந்தாறு கடற்படங்களைப் பார்த்து முடித்து, கூடத்தின் கடைசியில் கதவைத் தாண்டிக் கடலை நோக்கி 12 மீட்டர் அந்தரத்தில் நீளும் மேடைக்கு வந்து நின்றபோது, என் கண் அந்தப் படகுகளைத் தானாகவே விட்டுவிட்டு நடுக்கோட்டைத் தேடிப் போனது. சுகிமோட்டோ நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு கரையிலும் நின்று எதைக் கழித்தாரோ, அதைக் கழித்துப் பார்க்க என் கண்ணுக்கு இருபது நிமிடத்தில் பழக்கம் வந்துவிட்டது. எந்த அருங்காட்சியகத்திலும் எனக்கு இது நேர்ந்ததில்லை, ஏனென்றால் அங்கே படத்துக்கு அருகில் கடல் இருப்பதில்லை.

இந்தக் கூடம் கோடைக்காலக் கதிர்த்திருப்பத்தின் அச்சில் அமைந்திருக்கிறது. ஆண்டிலேயே பகல் மிக நீண்ட அந்த நாளின் காலையில், கடலிலிருந்து எழும் சூரியனின் ஒளி கூடத்தின் ஒரு முனையில் நுழைந்து நூறு மீட்டரையும் கடந்து மறுமுனையைத் தொடும். அதாவது நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு கேமரா ஆண்டு முழுவதும் காத்திருந்து, ஒருநாள் காலையில் சில நிமிடங்களுக்கு மட்டும் ஒளியை உள்ளே வாங்கிக்கொள்கிறது. திரையரங்குகளில் ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்த அதே மனிதர்தான் இதைக் கட்டினார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு எதிர்த்துணையாக அமைந்தது குளிர்காலக் கதிர்த்திருப்பச் சுரங்கம். துருவேறிய கார்டென் எஃகால் செய்த, 70 மீட்டர் நீளமுள்ள சதுரக் குழாய் அது. காட்சிக்கூடத்துக்கு அடியில் மண்ணுக்குள் நுழைந்து, கடலை நோக்கித் திறக்கிறது. பகல் மிகக் குறுகிய நாளில் விடியல் ஒளி இதனூடே ஊடுருவி, மறுமுனைக்கு எதிரே நிறுத்தியிருக்கும் பெருங்கல்லின் மேல் விழும். உள்ளே நுழைந்ததும் காலடி ஓசை இரும்பில் மோதி நம்மிடமே திரும்புகிறது. இருட்டில் நடந்துபோகப் போக, தொலைவில் கடல் ஒரு தபால்தலை அளவுக்கு ஒளிர்ந்து, மெல்ல மெல்லப் பெரிதாகி வருவதைப் பார்க்கும்போது நாம் ஒரு லென்ஸின் குழலுக்குள் நடக்கிறோம் என்ற எண்ணம் வந்தே தீரும். நடுவில் ஓரிடத்தில் மேற்கூரை திறந்திருக்கிறது. அதன் அடியில் ஒரு பழைய கிணற்று விளிம்பு, உள்ளே தண்ணீருக்குப் பதிலாக, கேமரா லென்ஸ் செய்யப் பயன்படும் ஒளியியல் கண்ணாடியின் துண்டுகள். மழை பெய்தால் ஒவ்வொரு துளியும் கண்ணாடியின் மேல் விழுவதைப் பார்க்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நான் போன அன்று மழை இல்லை. ஆனால் காலையில் பெய்த பனியின் ஈரம் மிஞ்சி, ஒரு துண்டின் விளிம்பில் மட்டும் சிறு துளி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது விழும்வரை பார்த்திருந்தேன்.

சுரங்கத்தின் கூரை மேலும் நடந்து கடல் முனைவரை போகலாம். கைப்பிடி எதுவும் கிடையாது. உயரம் என்றால் தலைசுற்றும் என்பவர்கள் பாதிவழியில் நின்றுகொள்வது நல்லது. அங்கிருந்தும் காட்சி குறைவதில்லை.

பக்கத்திலேயே கண்ணாடி மேடை இருக்கிறது. அதே ஒளியியல் கண்ணாடியைக் கட்டைகளாக வார்த்து, கியோட்டோவின் கியோமிசு கோயில் முகப்பைத் தாங்கும் அதே மரச்சாரக் கட்டுமுறையில் ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரச்சட்டங்களின் மேல் பரப்பியிருக்கிறார்கள். எதிரே பார்வையாளர்களுக்கான கற்படிகள், இத்தாலியில் இடிந்து கிடக்கும் ஃபெரென்டோ ரோமானிய அரங்கை அளந்து அதே அளவில் அமைத்தவை. ஜப்பானியக் கோயிலின் மரச்சாரம், ரோமானியரின் அரைவட்டம், இந்த நூற்றாண்டின் கண்ணாடி ஆகிய மூன்றும் ஒரே சரிவில் சேர்ந்தால் பொருட்காட்சிப் பந்தல் போல் ஆகிவிடுமோ என்று படித்தபோது பயந்தேன். நேரில் அப்படி இல்லை. படியில் உட்கார்ந்தால் கண்ணாடி மேடை கடலின் மேற்பரப்போடு ஒட்டிவிடுகிறது. அதன்மேல் ஆடுபவர் நீரின்மேல் நின்று ஆடுவதாகவே தோன்றும். அன்றைக்கு ஆட்டம் எதுவும் இல்லாததால், வெறும் மேடையையும் அதன் விளிம்புகளில் தேங்கிய பச்சை வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததே எனக்கு நிகழ்ச்சி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நோ எனப்படும் ஜப்பானியப் பழங்கால நாடகத்தின் மேடை அளவில் அமைந்த கல்மேடைக்கு ஃபுகுஷிமாவிலிருந்து கொண்டுவந்த 23 டன் எடையுள்ள ஒற்றைக்கல் பாலமாகக் கிடக்கிறது. அதன் அச்சு சம இரவு பகல் நாட்களின் சூரிய உதயத்தை நோக்கியது. பழைய கருவிக் கொட்டகையொன்றில் தொல்லுயிர் எச்சங்களை வைத்திருக்கிறார்கள். கேமரா பிறப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே இயற்கை எடுத்துவைத்த ஒளிப்படங்கள் என்று அவற்றைக் கருதுபவர் சுகிமோட்டோ. மூங்கில் தோப்புக்குள் இறங்கிச் சுற்றிவரும் பாதை அழகானது, ஆனால் நேரம் குறைவாக உள்ளவர்கள் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேநீர்க் குடிலை மட்டும் அவ்வளவு எளிதில் கடக்க முடியாது. பதினாறாம் நூற்றாண்டின் தேநீர்க்கலை ஆசான் சென் நோ ரிக்யூவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தைஆன் என்ற இரண்டு பாய் அளவுள்ள தேநீர் அறையை அளவு மாறாமல் எடுத்துக்கொண்டு, கூரைக்கு மட்டும் இந்தத் தோப்பில் கிடந்த பழைய கொட்டகையின் துருப்பிடித்த தகரத்தைப் போட்டிருக்கிறார்கள். உச்சோதென் என்ற அதன் பெயரில் மழை, கேட்டல், வானம் ஆகிய மூன்று எழுத்துகள் உள்ளன. தகரத்தில் மழை விழும் ஓசையைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. குனிந்து நுழையும் சிறுவாயிலின் முன்னால், செருப்பைக் கழற்றிவைக்கும் படிக்கல்லும் ஒளியியல் கண்ணாடிதான். சம இரவு பகல் நாளில் சூரியன் அந்த வாயிலின் வழியே உள்ளே வரும்போது கண்ணாடியின் விளிம்பு பற்றிக்கொண்டது போல் ஒளிரும் என்கிறார்கள். ரிக்யூ தம் காலத்தில் மலிவாகக் கிடைத்த மண்ணையும் மூங்கிலையும் கொண்டு கட்டினார் என்றால், இன்று அதே மனத்தோடு கட்டுபவர் கையில் எடுக்க வேண்டியது துருத்தகரம்தான் என்ற தர்க்கம் எனக்கு முழுமையாக ஏற்புடையது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முன்பதிவு இணையத்தில் செய்ய வேண்டும். நான் சென்றபோது காலை 10 மணி முதல் 1 மணி வரை ஒரு நேரமும், பிற்பகல் 1.30 முதல் 4.30 வரை மற்றொரு நேரமும் இருந்தன. செவ்வாயும் புதனும் விடுமுறை. கடல் கிழக்கே இருப்பதால் காலையில் நீரில் வெயில் மின்னும், பிற்பகலில் மலையின் நிழல் முன்னேறிவந்து கடல் ஆழ்ந்த நீலமாகும். அலைகளின் நுட்பத்தைப் பார்க்க எனக்குப் பிற்பகல்தான் பிடித்தது, ஆனால் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே வெளிச்சம் வடியத் தொடங்கிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதிர்த்திருப்ப நாட்களின் விடியலைக் காண்பதற்குத் தனி ஏற்பாடும் தனி முன்பதிவும் உண்டு. சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பாதை முழுவதும் கல்லும் படியும் சரிவுமாக இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துவிட்டுச் செல்லலாம். காட்சிக்கூடமும் அதன் முனையும் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டாலும் பயணம் வீணாகாது. நெபுகாவாவில் சாப்பிட இடம் தேடுவது கடினம். ஒடாவாராவிலேயே பசியாறிவிட்டு ரயிலேறுவது நல்லது, சைவ உணவு மட்டும் உண்பவர்கள் கையில் எடுத்துப்போவது இன்னும் நல்லது.

விளக்கப் பலகைகள் அங்கே மிகக் குறைவு. வரவேற்பில் தரும் குறிப்பேட்டில் ஒவ்வொரு கல்லும் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே நடந்தால் கண் காகிதத்திலேயே தங்கிவிடுகிறது. முதலில் ஒரு சுற்று குறிப்பேடு இல்லாமல் நடந்து, பிறகு எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, மீண்டும் ஒரு சுற்று வந்தது எனக்குப் பொருத்தமாக இருந்தது. சுகிமோட்டோவின் திரையரங்குப் படங்களையும் பனிக்கரடியையும் தேடி வருகிறவர்கள் வேறு அருங்காட்சியகங்களுக்குத்தான் போக வேண்டும். ஒரு கலைஞரின் வாழ்நாள் படைப்புகளை வரிசையாகக் காட்டும் நோக்கம் இந்த இடத்துக்கு இல்லை. 3,300 யென் அதிகம் என்று சொல்பவர்களுக்கு என் பதில், ஒரே நேரத்தில் உள்ளே விடும் ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதால் அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி நான் தனியாகவே இருந்தேன் என்பதுதான். பெருநகர அருங்காட்சியகங்களில் புகழ்பெற்ற படம் ஒன்றின் முன்னால் ஒரு நிமிடம் தனியாக நிற்க எவ்வளவு கொடுத்தாலும் முடிவதில்லை.

பாதைகளின் நடுவே ஆங்காங்கே, கருநிறக் கயிற்றால் பொட்டலம் போல் கட்டிய உருண்டைக் கற்கள் வைத்திருந்தார்கள். தொமெயிஷி என்பார்கள், இதற்கு மேல் போகாதீர்கள் என்பது பொருள். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டிய இடத்தில் கைக்கடக்கமான ஒரு கல் மட்டும் இருந்தது, அதை எவரும் தாண்டவில்லை. நான்கரை மணிப் பேருந்தில் இறங்கி நெபுகாவா நடைமேடையில் நின்றபோது மலையின் நிழல் கடலை முழுவதும் மூடிவிட்டிருந்தது. படகுகளின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மேலே இன்னும் இருட்டாத வானம், கீழே கருத்துக்கொண்டிருக்கும் நீர், நடுவில் அந்தக் கோடு. ஒடாவாரா செல்லும் ரயில் வந்து நின்று கதவு திறந்த பிறகும் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.